இரைப்பை என்னும் அரைவை ஆலை

நெய்வேலியில் வாழ்வோருக்குப் பழுப்பு நிலக்கரியின் பயணம் பழக்கமான காட்சி. சுரங்கத்தில் வாரி எடுக்கப்படும் கரி, கன்வேயர் பட்டைகளில் ஏறி அனல்மின் நிலையத்தை அடைகிறது. ஆனால் அது நேரே கொதிகலனுக்குள் போய்விடுவதில்லை. முதலில் 'பங்கர்' எனப்படும் உயரமான தொட்டியில் சேர்கிறது. அங்கிருந்து சிறிது சிறிதாக அரைவை எந்திரத்துக்குள் இறங்குகிறது. அரைபட்ட தூளில் நுண்ணியது மட்டும் சூடான வளியோடு உலைக்குள் செல்கிறது. பருமனான துண்டுகள் மீண்டும் அரைபடுவதற்காகத் திரும்பி விழுகின்றன.

இதே ஏற்பாடு நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதி ஒரு பங்கர். கீழ்ப்பகுதி அரைவை எந்திரம். அதன் முனையில் உள்ள குறுகிய வாயில் ஒரு சல்லடை. ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டருக்குப் பெரிய உணவுத் துணுக்கை, அரைவை நடக்கும் நேரத்தில், அந்த வாயில் வெளியே விடுவதில்லை. இரைப்பை வெறும் தோற்பை அன்று என்னும் இந்த உண்மையை அறிய மனிதனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள நெய்யூருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்த வாயிலைத் தவிர்த்து வேறு வழி வெட்டிக் கொடுத்தார்கள். வாயில் எதற்காக இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதற்கு இத்தகைய அறுவைகளும் ஒரு காரணம்.

பட்டு நூலில் கட்டிய இறைச்சி

1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியப் படகோட்டி இளைஞனின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு தற்செயலாகப் பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அவனைக் காப்பாற்றினார். புண் ஆறியது, ஆனால் இரைப்பைக்குள் பார்க்கக்கூடிய ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. பியூமான்ட் விடவில்லை. இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டித் துளை வழியே உள்ளே இறக்கி, மணிக்கொரு தரம் வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-இல் தம் நூலை வெளியிட்டார்.

செரிமானம் ஒரு வேதியியல் மாற்றம் என்பதை நிறுவியதற்காகவே பியூமான்ட் போற்றப்படுகிறார். என் போன்ற இயற்பியல்காரனுக்கு அவருடைய வேறொரு குறிப்புதான் சுவையானது. அவர் உள்ளே விட்ட வெப்பமானியின் குமிழை இரைப்பையின் கீழ்முனை இறுகப் பற்றிக் கீழ்நோக்கி இழுத்ததாம். ஆலையின் முதல் அசைவை மனிதன் கைவிரலால் உணர்ந்தது அப்போதுதான் எனலாம். ஆனால் துளை வழியே தெரிவது சிறிதே. இரைப்பை முழுவதும் என்ன நடக்கிறது என்பதைக் காண இன்னொரு கருவி வேண்டியிருந்தது.

பூனையின் வயிற்றில் அலைகள்

அக்கருவி 1895-இன் இறுதியில் கிடைத்தது. ரான்ட்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் வால்ட்டர் கேனன், பேராசிரியர் பௌடிச் தூண்டியதன் பேரில், அதை விலங்குகளின் மீது திருப்பினார். நாய்க்கு ஒரு முத்துப் பொத்தானை விழுங்கக் கொடுத்தார். பின்னர் வாத்தின் நீண்ட கழுத்தில் உணவு இறங்குவதைப் பார்த்தார். சாதாரண உணவு எக்ஸ்-கதிரைத் தடுக்காதாகையால், பிஸ்மத் உப்பைக் கலந்து நிழல் விழச் செய்தார்.

பூனைகளில் கண்டதை அவர் 1898-இல் வெளியிட்டார். இரைப்பையின் மேற்பாதி அசைவற்று உணவைத் தாங்கி நிற்கிறது. நடுப்பகுதியில் பிறக்கும் ஓர் அலை கீழ்முனையை நோக்கி நகர்கிறது. அதன்பின் இன்னொன்று, பின் இன்னொன்று. பூனையில் நிமிடத்துக்கு ஆறு. ஒருவேளை உணவு செரிப்பதற்குள் ஏறத்தாழ 2,600 அலைகள் கடக்கின்றன என்று அவர் கணக்கிட்டார். (மனிதனில் நிமிடத்துக்கு மூன்று அலைகளே.) ஒவ்வோர் அலைக்கும் வாயில் திறப்பதில்லை. கடினமான துண்டு ஒன்று வந்து மோதினால் வாயில் மூடியே இருக்கிறது. உணவு வெளியேறுவது தாமதப்படுகிறது.

இன்னும் இரண்டு செய்திகள். பூனை சினமுற்றாலோ அஞ்சினாலோ அலைகள் உடனே நின்றுவிடும். தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினால் மீண்டும் தொடங்கும். சாப்பிடும்போது பிள்ளைகளைத் திட்டக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, மேற்பாதியில் தேங்கிய உணவின் நடுவில் அமிலம் உடனே புகுவதில்லை. ஆகவே உமிழ்நீர் மாவுப்பொருளைச் செரிக்கும் வேலை அங்கே நெடுநேரம் தொடர்கிறது. இது மாவுப்பொருளையே முதன்மையாக உண்ணும் நமக்கு முக்கியமான செய்தி.

கேனன் இந்த ஆய்வுகளுக்காகப் பாதுகாப்பின்றிக் கதிரின் அருகில் நின்றார். பிற்காலத்தில் அவரை வாட்டிய நோய்களுக்கு அதுவே காரணம் என்று கருதப்படுகிறது. 1945-இல் அவர் மறைந்தார்.

உணவு மேற்பாதியில் எப்படி அடுக்கப்படுகிறது? இதற்கு ஜெர்மானியரான குரூட்ஸ்னர் 1905-இல் எளிமையான வழியில் விடை கண்டார். வெவ்வேறு நிறமூட்டிய உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எலிக்குக் கொடுத்தார். பிறகு இரைப்பையை உறையவைத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். நிறங்கள் கலக்கவில்லை, அடுக்கடுக்காக இருந்தன. முதலில் உண்டது சுவரை ஒட்டியும், பின்னர் உண்டது நடுவிலும் அமைந்திருந்தன. பங்கரின் உள்ளே கலக்கல் இல்லை. கலக்கலும் அரைத்தலும் கீழ்ப்பகுதியின் தொழில்.

நெய்யூர்

பியூமான்டின் படகோட்டி காயமுற்ற சரியாக நூறாண்டுக்குப் பின், 1922-இல், எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்று திரும்பிய ஆங்கிலேயர் ஒருவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். பெயர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல். வயது 32. முதல் உலகப் போரில் பிரான்சில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். சுற்றுப்பயணத்தில் திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்த நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கியிருந்தது. காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், தகுதிபெற்ற ஒரே ஓர் அறுவை மருத்துவர் அவர்களோடு போராடுவதையும் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு, நெய்யூரிலேயே பணிபுரிவது என்று முடிவு செய்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்று, செயற்கை ஆக்சிஜன் இன்றி ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம் வரை ஏறினார். இறங்கும் வழியில், குளிரால் கெட்டுப்போன தொண்டைச் சவ்வு கழன்று மூச்சை அடைக்க, இரு கைகளாலும் மார்பை அமுக்கி அதை வெளியேற்றி உயிர் பிழைத்தார். பிறகு நெய்யூருக்குத் திரும்பினார்.

நெய்யூரில் அவர் எதிரே வந்து நின்ற பெரும்பகை வயிற்றுப்புண். நம் மக்கள் இன்று 'அல்சர்' என்று பொதுவாகச் சொல்வது. தென்னிந்தியாவில் இப்புண் பெரும்பாலும் இரைப்பையின் வாயிலைக் கடந்ததும் வரும் முன்சிறுகுடலில் தோன்றியது. தோன்றி, ஆறி, மீண்டும் தோன்றித் தழும்பேறி, கடைசியில் வழியையே சுருக்கிவிடும். இரத்தப்போக்கு, துளை விழுதல் ஆகியவற்றைவிட இந்த அடைப்பே இங்கு மிகுதியாகக் காணப்பட்டது.

வழி அடைபட்ட நோயாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் இரவு உண்ட சோறு மறுநாள் மாலை வாந்தியில் சோறாகவே வெளிவரும். இரைப்பை விரிந்து தொங்கும். வயிற்றை அசைத்தால் குடத்து நீர்போல் தளும்பும் ஓசை கேட்கும். உடல் எலும்பும் தோலுமாகிவிடும். அந்த மெலிந்த தோலுக்குக் கீழே, இடப்புற விலாவின் ஓரத்திலிருந்து வலப்புறமாக, ஒரு பந்து உருள்வதுபோல் அலை நகர்வதை வெறும் கண்ணாலேயே காணலாம். பூனையின் வயிற்றில் கேனன் எக்ஸ்-கதிரைக் கொண்டு தேடிய அலைதான் அது. அடைபட்ட வாயிலைத் திறக்க ஆலை தன் முழு வலுவையும் செலுத்துகிறது, திறக்க முடியவில்லை. உண்ண உணவு இருந்தும் மனிதன் பட்டினியால் சாகிறான்.

இதற்குச் சாமர்வெல் செய்த அறுவை, வியன்னாவில் பில்ரோத்தின் உதவியாளர் வோல்ஃப்லர் 1881-இல் முதன்முதலில் செய்தது. சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து, இரைப்பையின் சுவரோடு இணைத்துத் தைத்துப் புதிய வழி அமைப்பது. அடைபட்ட வாயில் அப்படியே இருக்கும். உணவு புதிய துளை வழியே குடலுக்குள் இறங்கும். வாந்தி நிற்கும், நோயாளி உண்ணத் தொடங்குவார், சில வாரங்களில் சதை பிடித்து வேலைக்குத் திரும்புவார். இப்படி வாழ்வு பெற்ற உழவர்களும் பனையேறிகளும் எத்தனையோ பேர். சாமர்வெல்லும் அவருடைய கூட்டாளியான ஆரும் 1936-இல் தங்கள் அனுபவத்தை இங்கிலாந்தின் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டனர். பெரிய நகரத்து மருத்துவமனைகள்கூட அவ்வளவு நோயாளிகளைக் கண்டிருக்கமாட்டா.

ஆனால் சாமர்வெல் இதோடு நிறைவடைந்துவிடவில்லை. புண்ணுக்குக் காரணம் அமிலம் என்று கருதப்பட்ட காலம். இரைப்பையை வெட்டி எடுக்காமலே அமிலத்தைக் குறைக்க, அதற்குச் செல்லும் தமனிகளைக் கட்டிவிடும் முறையை அவர் கையாண்டு 1945-இல் எழுதினார். அம்முறை நிலைக்கவில்லை. 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். 1975-இல் இங்கிலாந்தில் காலமானார். நெய்யூர் 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தைச் சேர்ந்தது.

சோறும் சப்பாத்தியும்

தெற்கே மட்டும் இந்நோய் ஏன் மிகுதி? குன்னூரில் உணவாய்வு நடத்திய ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளிக் கிழங்கை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்ட எலிகள் பலவற்றுக்கு வயிற்றுப்புண் வந்தது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் நோய் மிகுதி, கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்று நாடு முழுதும் ஒப்பிட்டுக் காட்டினார்.

ரயில்வே மருத்துவரான மல்கோத்ரா இதற்கு ஒரு பொறிமுறைக் காரணம் சொன்னார். அவர் கையில் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது: ஒரே நிர்வாகத்தின் கீழ் வடக்கிலும் தெற்கிலும் வேலை செய்த தொழிலாளர்கள். சப்பாத்தியை மென்றுதான் விழுங்க வேண்டும்; மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும். குழையப் பிசைந்த சோறோ மெல்லப்படாமலே வழுக்கி இறங்கிவிடுகிறது என்றார் அவர். 1978-இல் வெளியிட்ட ஆய்வில், புண் ஆறியவர்களை ஐந்தாண்டு கவனித்ததில், சோற்று உணவினரில் பெரும்பாலோருக்கும், கோதுமை உணவினரில் சிலருக்கு மட்டுமே நோய் திரும்பியதாகக் கூறினார். மேற்பாதி இரைப்பையில் உமிழ்நீர் நெடுநேரம் வேலை செய்கிறது என்று கேனன் சொன்னதை இதோடு சேர்த்து எண்ணத் தோன்றுகிறது. என்றாலும் சோற்றின்மீது முழுப் பழியையும் போட்டுவிட முடியாது என்பதைக் கீழே பார்ப்போம்.

வாயிலை இழந்தவர்கள்

புதிய வழி பெற்றவர்களில் சிலருக்கு விசித்திரமான தொல்லை ஒன்று வந்தது. சாப்பிட்ட சற்று நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், படுத்துக்கொண்டால்தான் தீரும். இனிப்பான நீர் உணவு குடித்தால் இன்னும் மோசம். 1913-இல் ஹெர்ட்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதன் காரணத்தை விளக்கினார்: இரைப்பை மிக விரைவாகக் காலியாகிறது. சல்லடையைக் கடக்காத உணவு மொத்தமாகக் குடலில் கொட்டுகிறது. செறிவு மிகுந்த கரைசல் குடலில் நிறைந்தால், சவ்வூடு பரவல் விதிப்படி இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாயும். பள்ளியில் உலர்திராட்சையை நீரில் போட்டு நாம் செய்து காட்டும் சோதனையின் விதிதான் இங்கும் நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான பாடம் 1943-இல் சிகாகோவில் கிடைத்தது. இரைப்பையை அமிலம் சுரக்கத் தூண்டுவது வேகஸ் நரம்பு. டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அந்த நரம்பையே வெட்டினார். அமிலம் குறைந்தது, புண் ஆறியது. ஆனால் உணவு இரைப்பையிலேயே தங்கிவிட்டது! ஆலையை ஓட்டும் மின்கம்பியும் அதே நரம்பில்தான் வந்துகொண்டிருந்தது. நீர் ஒருவாறு வடிந்தது. திட உணவு நகரவில்லை. ஆகவே நரம்பை வெட்டும்போதே புதிய வழியும் அமைத்தாக வேண்டும் என்று ஆயிற்று. நரம்பு வெட்டும் குடல் இணைப்பும் சேர்ந்த இந்த இரட்டை அறுவை பல்லாண்டுக் காலம் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அன்றாட வேலையாக இருந்தது. நம் பெரியவர்களில் சிலருடைய வயிற்றின் நடுவே நீளும் தழும்பு அதன் அடையாளம்.

பிறகு 1970-ஐ ஒட்டி, லீட்ஸ் நகரிலும் கோபன்ஹேகனிலும் ஒரு நுட்பமான திருத்தம் செய்தார்கள். மேற்பாதிக்குச் செல்லும் நரம்புக் கிளைகளை மட்டும் வெட்டி, கீழ்ப்பகுதிக்குச் செல்லும் கிளையைத் தொடாமல் விட்டார்கள். அமிலம் குறைந்தது, ஆலையும் ஓடியது, புதிய வழி தேவைப்படவில்லை. மேற்பாதி வேறு, கீழ்ப்பாதி வேறு என்று கேனன் சொன்னதற்கு அறுவைக் கத்தி அளித்த சான்று இது.

இவ்வளவு நுட்பமாக வளர்ந்த அறுவைக் கலைக்குச் சில ஆண்டுகளிலேயே வேலை இல்லாமற் போயிற்று. 1982-இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் புண்ணுக்குக் காரணமான நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று இரண்டு வாரம் விழுங்கும் மாத்திரைகளே பெரும்பாலான புண்களை ஆற்றிவிடுகின்றன. ஆனால் அந்த நுண்ணுயிர் வட இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது. அப்படியானால் தெற்கில் மட்டும் புண் ஏன் மிகுதியாக இருந்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது. சோறா, கிருமியா என்பதல்ல. இரண்டும் சேர்ந்ததா என்பதே கேள்வி.

இட்லியில் ஒரு தனிமம்

புண் மறைந்தாலும் ஆலையைப் பற்றிய ஆய்வு நிற்கவில்லை. இப்போது அதற்குக் காரணம் நீரிழிவு. பல்லாண்டு நீரிழிவு வேகஸ் நரம்பைக் கெடுக்கும்போது, டிராக்ஸ்டெட்டின் கத்தி செய்ததை நோயே செய்துவிடுகிறது. சோறு இரைப்பையில் தங்கும். போட்ட இன்சுலின் தன் நேரத்தில் வேலை செய்யும். சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் கணக்கில் அடங்காமற் போகும்.

உணவு வெளியேறும் வேகத்தை அளப்பது எப்படி? 1966-இல் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள் கதிரியக்கக் குரோமியம் கலந்த காலை உணவைக் கொடுத்து, வயிற்றுக்கு வெளியே இருந்து காமாக் கதிரை எண்ணினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கதிரியக்கப் பொருள் உணவிலிருந்து கழன்று நீரில் கரைந்துவிட்டால், நாம் எண்ணுவது நீரின் வேகத்தையே தவிர உணவின் வேகத்தையன்று. 1976-இல் அமெரிக்காவில் மேயர் என்பவரும் உடன் பணியாற்றியோரும் இதற்கு ஒரு வேடிக்கையான வழி கண்டார்கள். உயிருள்ள கோழிக்குள் டெக்னீசியத்தைச் செலுத்தி, அது ஈரலில் படிந்ததும், அந்த ஈரலைச் சமைத்துத் துண்டாக்கி உண்ணக் கொடுத்தார்கள். ஈரலின் செல்களுக்குள்ளேயே இருந்த டெக்னீசியம் கழலவில்லை. நீரில் வேறொரு ஐசோடோப்பைக் கலந்து, இரண்டின் காமா ஆற்றலும் வேறுபடுவதைக் கொண்டு, திடத்தையும் நீரையும் ஒரே சமயத்தில் தனித்தனியே பின்தொடர்ந்தார்கள்.

வரைபடத்தில் இரண்டும் இரு வேறு கோடுகளாக விழுந்தன. நீர் வெளியேறுவது கதிரியக்கச் சிதைவைப் போன்றது: குறிப்பிட்ட நேரத்தில் பாதி, மீண்டும் அதே நேரத்தில் மீதியில் பாதி. திடமோ முதலில் சிறிது நேரம் அசைவதே இல்லை. அது அரைபடும் நேரம். அதன்பின் ஏறக்குறைய நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் வெளியேறுகிறது. கஞ்சி குடித்தவனுக்குச் சீக்கிரம் பசிப்பதும், பழைய சோற்றின் நீர் முதலில் போய்ப் பருக்கை பின்னால் போவதும் இதனால்தான். அரைபடாத புளியங்கொட்டையும் சிறுபிள்ளை விழுங்கிய நாணயமும் எப்போது போகும்? உணவெல்லாம் போனபின், வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணிக்கொரு தரம் ஒரு பெரிய அலை எழுந்து இரைப்பையைப் பெருக்கித் தள்ளுகிறது. அப்போது வாயில் அகலத் திறக்கும். அவையும் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

மேலைநாடுகளில் இச்சோதனைக்கு இன்று முட்டையும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். மரக்கறி உண்போருக்கு அது ஆகாது. தென்னிந்தியாவின் அணுமருத்துவத் துறைகளில் இதற்காக இட்லியையே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். டெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம் ஆறு மணி. சோதனைக்குப் போதும், மறுநாளைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். நோயாளி வெறும் வயிற்றோடு வந்து இட்லியை உண்டு, காமாக் காமிராவின் முன் நிற்கிறார். பிறகு மணிக்கொரு தரம் வந்து நிற்கிறார். முதற் படத்தில் மேற்பாதி மட்டும் ஒளிர்கிறது. அடுத்ததில் ஒளி கீழே இறங்குகிறது. பின்னர் குடலில் சிதறுகிறது. நான்காம் மணிப் படத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையிலேயே தங்கியிருந்தால், ஆலை சரியாக ஓடவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார்.